கொலுவுக்கு ஒரு பொமார் துறவி செய்வது எப்படி

ஸ்டார் வார்ஸை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட இவரைக் கவனித்திருக்க மாட்டார்கள். 1983-இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' படத்தில், இரண்டு ரோபோக்களும் ஜப்பா என்ற கொள்ளைக்கூட்டத் தலைவனின் அரண்மனைக்குள் நுழையும்போது சிலந்தி மாதிரி ஒரு இயந்திரம் ஓரமாக நடந்து போகும். அதன் அடியில் தொங்கும் குடுவைக்குள் ஒரு மூளை. அதுதான் நம் ஆள். பெயர் இல்லை, வசனமும் இல்லை. அந்த அரண்மனையே முதலில் பொமார் துறவிகளின் மடம். புலன்கள் தியானத்தைக் கெடுக்கும் என்பது அவர்கள் கொள்கை. அதனால் ஞானம் கிட்டியவரின் மூளையைத் தனியே எடுத்துக் குடுவையில் வைத்துவிடுவார்கள்.

முதலில் மூளை. கடலூர் வண்டிப்பாளையத்தில் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் வீட்டில் வளர்ந்த எனக்குக் களிமண்தான் கைக்கு வரும், ஆனால் இதற்கு அது வேண்டாம். எம்-சீல் வாங்கிப் பிசைந்து, மெல்லிய இழைகளாக உருட்டி, இடியாப்பம் பிழிவது போல நெளித்து நெளித்து ஒட்டுங்கள். நடுவில் ஒரு பள்ளம். பாட்டில் வாய்க்குள் நுழைகிற அளவா என்று இறுகுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஊறுகாய் பாட்டில் போதும். உள்ளே தண்ணீர் ஊற்றினால் சில நாளில் கலங்கிவிடும். மருந்துக் கடை கிளிசரின் ஊற்றுங்கள். மூடியை ஒட்டி, ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்துக் கசிகிறதா பாருங்கள்.

உயிர் இருப்பது கால்களில்தான். கட்டுக்கம்பி வேண்டாம், நம் ஊர் உப்புக் காற்றில் அடுத்த கொலுவுக்குள் துருப்பிடித்துவிடும். பழைய சர்வீஸ் ஒயரை உரித்தால் அலுமினியக் கம்பி கிடைக்கும். நான் ஆறு கால் வைப்பேன். ஆறும் தரையைத் தொட்டால் மேஜை மாதிரி நிற்கும், நடக்காது. எறும்பைப் பாருங்கள்: ஒரு பக்கம் முன்னங்காலும் பின்னங்காலும், மறுபக்கம் நடுக்காலும் ஊன்றியிருக்கும், மற்ற மூன்றும் காற்றில். அப்படியே வளையுங்கள். மூன்று கால் என்பதால் படி கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் ஆடாது.

மூட்டுகளில் காகிதப் பட்டையை மைதாப் பசை தொட்டுச் சுற்றுங்கள். பசையில் ஒரு சிட்டிகை மயில் துத்தம் போட்டால் பூஞ்சையும் கரப்பானும் அண்டாது (விஷம், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்). வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டால் காயவே காயாது, ஆவணியிலேயே ஆரம்பியுங்கள். நிறத்துக்குக் காவிப்பொடியும் விளக்குக் கரியும் போதும். அப்புறம் மேல்பகுதிக்கு ஒரு பழைய டப்பா மூடி, அதன் அடியில் குடுவையைக் கம்பியால் தொங்கவிடுங்கள். தரைக்கு, தேவனாம்பட்டினம் கடற்கரை மணலை நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பரப்புங்கள். கழுவாத மணல் ஈரம் இழுக்கும்.

இனி எந்தப் படி? கீழிருந்து ஓரறிவு, ஈரறிவு என்று ஏறும் வரிசையில், கால்களைப் பார்த்த என் சித்தி, "எறும்புக்குப் பக்கத்துல வைடி" என்கிறார். ஐந்து புலனையும் விட்டுவிட்டு ஆறாம் அறிவை மட்டும் வைத்துக்கொண்டவரை மூவறிவுப் படியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. மகான்கள் படியில் இடது ஓரம் வைக்கிறேன். கால் விரிந்து நிற்பதால் பக்கத்தில் ஒரு சாண் இடம் விடுங்கள்.