டார்ட்மூரின் முயல் மேடுகள்: பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில், பிளிம் ஆற்றின் மேற்பகுதியை ஒட்டிய டிட்ஸ்வொர்தி, ட்ரௌல்ஸ்வொர்தி, லெகிஸ் டோர் ஆகிய இடங்களில், தலையணை வடிவில் நீண்டு தாழ்ந்த மண்மேடுகள் பல உள்ளன. இறைச்சிக்கும் தோலுக்குமாக முயல் வளர்த்தவர்கள், அவை வளை தோண்டுவதற்கென்றே எழுப்பிய மேடுகள் இவை.

இவற்றைப் பழங்காலப் புதைமேடுகளாகக் கொள்வது பரவலான தவறு. அருகிலேயே வெண்கலக் காலக் குடியிருப்புகளும் நிறுத்திவைத்த கற்களின் வரிசைகளும் இருப்பதால் அந்த எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் பக்கங்களில் ஓடும் குறுகிய பள்ளத்தையும், மேட்டின் நீளவாட்டம் பெரும்பாலும் சரிவோடு கீழிறங்குவதையும் கவனித்தால் ஐயம் தீரும். நீர் தேங்கும் நிலத்தில் முயல் வளை அமைக்காது என்பதால், மழைநீர் வடிந்தோட வேண்டும் என்பதே அந்த அமைப்பின் நோக்கம்.

கண்ட மேட்டையெல்லாம் இடைக்காலத்தது என்று எழுதிவிடுவதும் சரியன்று. 1066ஆம் ஆண்டின் நார்மன் படையெடுப்புக்குப் பிறகே இங்கு முயல் வளர்ப்பு வேரூன்றியது உண்மைதான். எனினும் டார்ட்மூரிலேயே உள்ள ஹண்டிங்டன் முயல் பண்ணை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவானது. டிட்ஸ்வொர்தியில் 20ஆம் நூற்றாண்டிலும் தொழில் நடந்தது. இத்தனை காலத்திலும் மேட்டின் வடிவம் பெரிதாக மாறாததால், ஆவணமோ அகழாய்வோ இல்லாமல் உருவத்தை மட்டும் வைத்துக் காலம் குறிப்பது வெறும் ஊகமே.

மேட்டை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புபவர்கள், பண்ணையின் மிகச் சுவையான பகுதியைத் தவறவிடுகிறார்கள். கீரியை நினைவூட்டும் ஸ்டோட், வீசல் ஆகிய ஊனுண்ணிகள் சுவரோரமாகவே ஓடும் இயல்புடையவை. அதையறிந்து, புனல்போலக் குறுகிவரும் தாழ்ந்த கற்சுவர்களை எழுப்பி, அவை சேரும் இடத்தில் கருங்கல் பலகையால் மூடிய சிறு கூண்டை அமைத்தார்கள். விலங்கு உள்ளே மிதித்ததும் இரு முனைகளிலும் சிலேட்டுக் கதவுகள் விழும். லெகிஸ் டோரில் இத்தகைய பொறியைக் காணலாம். இடிந்த ஆட்டுப்பட்டி என்று எண்ணி அதைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம்.

ஓடைப்படுகையில் அடுத்தடுத்து இணையாகக் கிடக்கும் கற்குவியல்கள் பெரும்பாலும் வெள்ளீயம் அரித்தெடுத்தவர்கள் ஒதுக்கிய கழிவுகள். அவற்றையும் முயல் மேடுகளோடு சேர்த்து எண்ணக் கூடாது.

கோடையில் செல்வதும் வீண் அலைச்சலே: அடர்ந்து வளரும் பெரணிச் செடிகள் மேடுகளை மறைத்துவிடும். பெரணி சாய்ந்த குளிர்காலத்தில், தாழ்ந்த வெயில் பள்ளங்களில் நிழல் வீழ்த்தும் வேளையே ஏற்றது. சட்டப் பாதுகாப்புள்ள இடங்கள் பல இருப்பதால், கூண்டுக் கல்லைப் புரட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.