பாரசீகக் கம்பளம் வாங்குமுன் பின்பக்கத்தைப் புரட்டுங்கள்

இரண்டு வருடம் முன்பு ஈரானின் ஷிராஸ் நகரத்து வக்கீல் பஜாரில் ஒரு கஷ்காய் கம்பளம் வாங்கினேன். ஃபார்ஸ் மாகாணத்து நாடோடி இடையர்கள் தரையோடு படுத்த தறியில் நெய்வது. முடிச்சு நெருக்கமாக இருந்தால் நெசவு நயமானது என்பார்கள், அதனால் முடிச்சை எண்ணிப் பார்த்த பிறகுதான் விலைக்குச் சம்மதித்தேன். அந்த எண்ணிக்கை உண்மையைப்போல் இரண்டு மடங்கு என்பது வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்தது. இன்னொருவர் அதே இடத்தில் தடுக்கி விழக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு மூலையைப் புரட்டுங்கள். கையால் நெய்தது என்றால் முன்பக்கப் பூவேலை பின்பக்கமும் தெளிவாகத் தெரியும். பின்னால் துணி ஒட்டியிருந்தால் அது கருவியால் இழையைக் குத்திப் பசை தடவியது. அதில் முடிச்சே கிடையாது. ஓரத்துக் குஞ்சம், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளின் நீட்சியாக இருக்க வேண்டும். தனியே தைத்திருந்தால் பெரும்பாலும் மெஷின் வேலை, அல்லது பழைய கம்பளத்தில் பழுது பார்த்தது.

அடுத்து முடிச்சு. ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று எண்ணிப் பெருக்க வேண்டும். இங்கேதான் நான் தவறினேன். ஒவ்வொரு முடிச்சும் அடுத்தடுத்த இரண்டு பாவு இழைகளைப் பிடித்துப் போடுவது. அந்த இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால், பின்பக்கம் ஒரு முடிச்சுக்கு இரண்டு புடைப்பு தெரியும். நான் எண்ணியது புடைப்பை. அகலத்தில் 8, உயரத்தில் 4, ஆக 32. உண்மையில் 4 × 4 = 16. சதுர மீட்டருக்கு 3,20,000 என்று நம்பியது 1,60,000 ஆகிவிட்டது.

தப்பிக்க வழி இருக்கிறது. பூவைச் சுற்றி ஒரே ஒரு முடிச்சு அகலத்தில் ஓடும் மெல்லிய கோட்டைத் தேடுங்கள். செங்குத்தாகப் போகும் இடத்தில் அந்தக் கோட்டின் நிறம் எப்போதும் இரண்டிரண்டு புடைப்பாக வந்தால், அகல எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இஸ்ஃபஹான் போன்ற ஊர்களின் நயமான கம்பளங்களில் ஒரு பாவு இழை மற்றொன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அங்கே ஒரு புடைப்பு, ஒரு முடிச்சு. அப்படியே எண்ணலாம்.

இதற்கு நான் சிபாரிசு செய்வது, துணிக்கடைக்காரர்கள் இழை எண்ணும் மடக்குப் பூதக்கண்ணாடி. அதன் அடியில் அளவு குறித்த சதுர ஜன்னல் இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்குவது எனக்குப் பிடிப்பதில்லை, கோணம் சாய்ந்தால் கணக்கும் சாய்ந்துவிடும். ஐந்து இடத்திலாவது எண்ணுங்கள், நடுவே ஒரே நிறமாகப் பரந்த பகுதியிலும். ஏனென்றால் நான்கு பாவு இழையைச் சேர்த்து ஒரே முடிச்சாகப் போடும் 'ஜுஃப்தி' அங்கேதான் நுழையும். குராசான் பக்கத்துக் கம்பளங்களில் இதைக் கவனமாகப் பாருங்கள். வேலை பாதி, சீக்கிரம் தேயும்.

சரி, எண்ணிக்கை கிடைத்துவிட்டது. அதுவே விலை ஆகாது. தப்ரீஸ் நகரத்தில் 'ரஜ்' என்பார்கள், சுமார் 7 சென்டிமீட்டருக்குள் இருக்கும் முடிச்சு. 50 ரஜ் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 51 முடிச்சு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1893இல் 2,000 பவுண்டுக்கு வாங்கிய அர்தபீல் கம்பளத்தின் நெருக்கம் சுமார் 53. ஹிஜ்ரி 946 (கி.பி. 1539-40) என்று அதிலேயே நெய்திருக்கிறது. இன்றைய 50 ரஜ் தப்ரீஸும் அதுவும் நெருக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான்! பிறகு எது அதை அவ்வளவு உயரத்தில் வைக்கிறது? வயதோடு, வரைந்த கையும் நிறமும்தான். முரட்டு முடிச்சு கொண்ட பழைய ஹெரிஸ் ஊர்க் கம்பளத்துக்கு, மிக நெருக்கமாக நெய்த பல புதுக் கம்பளங்களைவிட அதிக விலை கிடைப்பதும் இதனால்தான்.

ஆகவே நிறத்துக்கு நேரம் கொடுங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் தேயுங்கள், சாயம் ஒட்டக் கூடாது. இழையைப் பிரித்து வேரையும் நுனியையும் ஒப்பிடுங்கள். வேர் பளிச்சென்றும் நுனி சாம்பலாகவும் இருந்தால் நிலைக்காத செயற்கைச் சாயமாக இருக்கலாம். வேர் வெளுத்து நுனி மட்டும் அடர்த்தியாக இருந்தால் தேய்ந்த இடத்தில் மை பூசியிருக்கிறார்கள், விட்டுவிடுங்கள். மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பு, அவுரி நீலம், மாதுளைத் தோலின் மஞ்சள் இவையெல்லாம் மெதுவாக, அழகாக மங்கும். நீலப் பரப்பில் பட்டை பட்டையாக நிறம் மாறினால் பழுது என்று ஒதுக்காதீர்கள். ஒரு தொட்டிச் சாயம் தீர்ந்து அடுத்த தொட்டி தொடங்கிய இடம் அது. 'அப்ரஷ்' என்று பெயர். அது இருக்கும் கம்பளத்தைத்தான் நான் தேடிப்போவேன், தண்ணீர் அசைவதைப் போல இருக்கும்.

அப்புறம், கம்பளத்தை விரித்து இரண்டு முனையிலிருந்தும் பாருங்கள். இழை ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் ஒரு முனையிலிருந்து வெளிச்சமாகவும் மறுமுனையிலிருந்து இருட்டாகவும் தெரியும். உங்கள் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 1: நயின் ஊர்க் கம்பளத்தில் 6லா, 9லா என்றால் என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரு குஞ்ச இழையின் முறுக்கைப் பிரித்து உள்ளே எத்தனை நூல் என்று எண்ணுங்கள், அதுதான் லா. எண் குறைந்தால் இழை மெல்லியது, நெசவு நயமானது. 4லா மிக உயர்வு.

பிற்சேர்க்கை 2: கும் ஊர்ப் பட்டு என்று வாங்கியது பளபளக்கிறது, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மேல்பக்கத்திலிருந்து உதிர்ந்த இழை ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், விஸ்கோஸ் என்னும் செயற்கைப் பட்டு என்றால் காகிதம் எரியும் வாடை. குஞ்சத்து நூலை வைத்துச் சோதிக்க வேண்டாம், பாவு மட்டும் பட்டாக இருந்தால் ஏமாந்துபோவீர்கள்.