மாட்டுக்கு மணி தேர்ந்து கட்டும் முறை

தை பிறப்பதற்கு முன், சேலம் வட்டாரச் சந்தைகளில் மூக்கணாங்கயிற்றோடு கழுத்து மணியும் வாங்க வருபவர்களில் பலர், மணியின் பளபளப்பைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். மாடு கண்ணுக்கு மறைந்திருக்கும் நேரத்தில்தான் மணிக்கு வேலை வருகிறது என்பதால், அதன் ஓசையை எந்த இடத்தில், எவ்வளவு தொலைவில் நின்று கேட்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

ஓமலூர், தாரமங்கலம் பக்கத்துச் சமவெளியில், அறுவடை முடிந்த காட்டில் மேயும் மாடு பெரும்பாலும் பார்வையிலேயே இருக்கும். அதற்குக் கணீரென்ற சிறிய பித்தளை மணி போதும். ஏற்காட்டுச் சரிவுகளில் நிலைமை வேறு. 1,500 மீட்டர் உயரத்தில், காபிச் செடிகளுக்கும் உண்ணிச்செடிப் புதர்களுக்கும் நடுவே பனிமூட்டம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் நிற்கும் மாடுகூடத் தெரியாது. மெல்லிய உயர்ந்த ஓசை இலைகளில் பட்டுச் சிதறிவிடும். தாழ்ந்த ஓசையே அடர்ந்த புதரைத் தாண்டி வரும். ஆகவே மலையில் மேய்ப்பவர்கள் வாய் அகன்ற, சுவர் மெல்லிய மணியைத் தேட வேண்டும். வாயின் அளவு ஒன்றாக இருக்கும்போது சுவர் தடித்த மணி உயர்ந்த சுருதியிலும், மெல்லிய மணி தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கும்.

அடுத்தது உலோகம். ஏறத்தாழ நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலமே நெடுநேரம் அதிர்ந்து நிற்கும். ஆனால் அது நொறுங்கும் தன்மையுடையது, பாறையில் மோதினால் விரிசல் விடும். துத்தநாகம் கலந்த பித்தளை அடியைத் தாங்கும், ஓசை சற்றுச் சீக்கிரம் அடங்கும். இரும்புத் தகட்டு மணியை மட்டமானது என்று நம்மூரில் ஒதுக்குவது நியாயமில்லை. குஜராத்தின் கச்சுப் பகுதியில் இரும்புத் தகட்டை வெட்டி, மடக்கி, பற்றவைக்காமலே தட்டிப் பொருத்தி, செம்புத் தூள் பூசி, மண் சுற்றிச் சூளையில் சுட்டெடுக்கும் மணிகளுக்கு மரத்தில்தான் நாக்கு வைக்கிறார்கள். போர்ச்சுகலின் அல்காசோவஷ் ஊரிலும் இதையொத்த தகட்டு மணித் தொழில் உண்டு. 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

வாங்கும்போது மணியைக் கையால் பொத்திப் பிடிக்காமல், மேல் வளையத்தில் ஒரு நூலைக் கோத்துத் தொங்கவிட்டு, சிறு குச்சியால் வாயோரம் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மணியின் ஓசை இழைந்து இழைந்து அடங்கும். விரிசல் விட்ட மணி ஓட்டைப் பானையைப் போலச் சட்டென்று நின்றுவிடும். பக்கத்து வீட்டு மாட்டுக்கு எந்தச் சுருதி என்பது நினைவிருந்தால், அதிலிருந்து தெளிவாக வேறுபடும் மணியை எடுப்பது நல்லது. இல்லையென்றால் அந்தி நேரத்தில் அடுத்தவர் மாட்டைத் தேடிக்கொண்டு மலையேறுவீர்கள்.

மந்தை முழுவதற்கும் மணி கட்டத் தேவையில்லை. எல்லாம் சேர்ந்து ஒலித்தால் திசையே பிடிபடாது. மற்றவை எதன் பின்னால் போகின்றனவோ அந்த மாட்டுக்கும், கூட்டத்தை விட்டு விலகும் பழக்கமுள்ள ஒன்றுக்கும் கட்டினால் போதும். இந்த வழக்கம் மிகப் பழையது. குறுந்தொகையின் 190-ஆம் பாடலில், பசுக்கள் பல அடைந்த தொழுவத்தில் நள்ளிரவில் நல்ல காளை அசையுந்தோறும் கேட்பது ஒற்றை மணியின் குரல்தான்.

கட்டுவதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. கயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். மணி அலைதாடிக்கு மேல் தொங்கினால் போதும், முன்னங்காலில் இடிக்கும் அளவுக்குத் தாழக் கூடாது. தோல் வாரும் பருத்திக் கயிறும் நல்லவை. நைலான் கயிற்றை நான் ஒருமுறை நம்பிக் கெட்டேன்: மேயப்போன கிடேரியின் கயிறு தோட்டத்து வேலிக் கம்பியில் மாட்டிக்கொள்ள, அது திமிறத் திமிறக் கயிறு அறாமல் கழுத்தை அறுத்து, புண் ஆற ஒரு மாதமாயிற்று. அன்று முதல் வாரின் இரு முனைகளையும் சணல் நூலால் மட்டுமே இணைக்கிறேன். மணி தொலைந்தாலும் மாடு தப்பிக்கும். வளரும் கன்றுக்கு மாதம் ஒருமுறை முடிச்சைத் தளர்த்திக் கட்டுவது கட்டாயம்.

எடையில் ஆசைப்படக் கூடாது. பெரிய மணிகளுக்குப் பேர்போன சுவிட்சர்லாந்தில், 5.5 கிலோ எடையுள்ள மணியைக் கட்டிச் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், பசுக்கள் மேயும் நேரமும் அசைபோடும் நேரமும் குறைந்தன. நாக்கு ஒலிக்காதபடி செய்த மணியிலும் இதே விளைவு தெரிந்தது. கறவை மாட்டுக்குக் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. ஓசை காதருகே மிகக் கூர்மையாக இருந்தால், இரும்பு நாக்கைக் கழற்றிவிட்டு வைரம் பாய்ந்த மரத்துண்டு ஒன்றைத் தொங்கவிடலாம்.

மணியில் முதலில் தேய்வது நாக்கு தொங்கும் கொக்கிதான். மணியைக் கவிழ்த்துப் பார்த்தால், கம்பி வளையம் உரசும் இடத்தில் நூலளவுக்கு இளைத்திருப்பது தெரியும். அது அறும் முன் மாற்றிவிட வேண்டும். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிய பிறகு உட்புறத்தை ஈரமில்லாமல் துடைத்து, வாருக்கு வேப்பெண்ணெய் தடவினால் மழைக்காலத்தில் புழுப் பிடிக்காது.

பொங்கலுக்கும் எருதாட்டத்துக்கும் கட்டும் சலங்கை மாலை வேறு வகை. அது அழகுக்கானது, ஊர் சுற்றி வந்த அன்று மாலையே கழற்றிவிடலாம்.

இனி கேட்கப் பழக வேண்டும். விட்டு விட்டு மெதுவாக ஒலித்தால் மாடு மேய்கிறது. ஓரிடத்திலேயே நின்று திடீர் திடீரென்று குலுங்கினால் ஈ கடிக்கிறது. கூதிர்கால இரவில் ஈ மொய்க்கும்போதெல்லாம் பசுவின் மணி நா அசைந்து மெலிந்து ஒலிப்பதைக் குறுந்தொகையின் 86-ஆம் பாடலும் சொல்கிறது. தடதடவென்று இடைவிடாமல் ஒலித்தால் எதற்கோ மிரண்டு ஓடுகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அது காட்டெருமையாகவும் இருக்கலாம், ஆகவே தனியாக ஓடாமல் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். ஓசை நின்றுபோனால் பெரும்பாலும் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியாக மணி கேட்ட இடத்திலிருந்து தேடத் தொடங்கலாம்.