களிமண்ணோடு சிறு குழந்தைகள்: வீட்டில் தொடங்கும் முறை

மூன்று வயது நிறைந்த குழந்தையிடம் பென்சிலைக் கொடுத்து எழுதச் சொல்வதற்கு முன் ஓர் உருண்டைக் களிமண்ணைக் கொடுங்கள் என்பதே, புதுச்சேரியில் பல ஆண்டுகளாகப் பாலர் வகுப்பு எடுத்துவரும் நான் பெற்றோரிடம் முதலில் வைக்கும் வேண்டுகோள். எழுதப்போகும் விரல்களுக்குப் பிசைவதும் உருட்டுவதும் கிள்ளுவதும் வலுவைத் தருகின்றன. அதைவிட, தான் அழுத்தினால் ஒரு பொருள் மாறுகிறது என்பதைக் குழந்தை தன் கையாலேயே தெரிந்துகொள்கிறது.

படி 1: மண்

நம் பகுதியில் நல்ல மண்ணுக்குப் பஞ்சமில்லை. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. அங்குள்ள மண்பாண்டக் கலைஞர்களிடமோ, கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் சதுர்த்திக்குப் பிள்ளையார் செய்பவர்களிடமோ, கல் நீக்கிப் பதப்படுத்திய மண்ணைக் கேட்டு வாங்கலாம். வாய்க்கால் ஓரத்தில் அள்ளிய மண் வேண்டாம். அதில் கண்ணாடித் துண்டும் கழிவும் கலந்திருக்கக்கூடும். ஒரு குழந்தைக்கு அரைக் கிலோ, அதாவது பெரிய சாத்துக்குடி அளவு போதும்.

பதம் பார்க்க, சிறிது மண்ணைப் பென்சில் தடிமனுக்குத் திரித்து விரலில் சுற்றுங்கள். விரிசல் விட்டால் நீர் தெளித்துப் பிசையுங்கள். உள்ளங்கையில் அப்பிக்கொண்டால் சற்று நேரம் காற்றில் வையுங்கள்.

படி 2: இடம்

ஒரு மணைப்பலகையின் மேல் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். சாக்கில் மண் ஒட்டாது. பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், ஈரத்துணி, தென்னை ஈர்க்கு, பழைய சீப்பு, கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல் ஆகியவை இருந்தால் போதும். சிறியவர்கள் மண்ணை வாயில் வைப்பார்கள் என்பதால் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

படி 3: முதல் நாள் எதையும் செய்யச் சொல்லாதீர்கள்

பெரும்பாலான வீடுகளில் தவறு நேர்வது இங்கேதான். மண்ணைக் கொடுத்தவுடன் "பிள்ளையார் செய்" என்கிறோம், குழந்தை திணறுகிறது, நாம் வாங்கிச் செய்து கொடுக்கிறோம், அதோடு குழந்தையின் கை ஓய்ந்துவிடுகிறது. முதல் இருபது நிமிடங்கள் அதன் போக்கிலேயே விடுங்கள். என் வகுப்பில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, உருண்டையில் கட்டைவிரலை அழுத்தி எடுத்து, அந்தக் குழிக்குள் பதிந்திருந்த தன் ரேகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே குழியில் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வைத்து, எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று பார்த்தாள். அளத்தலையும் ஒப்பிடுதலையும் அவளுக்கு அதற்குமுன் யாரும் கற்பித்திருக்கவில்லை.

படி 4: குழி, திரி, ஒட்டு

சில நாட்கள் கழித்து மூன்று வேலைகளை மட்டும் காட்டுங்கள். உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் குழி செய்து, சுற்றிச் சுற்றிக் கிள்ளிக்கொண்டே வந்தால் கிண்ணம் வரும். நீளத் திரி உருட்டிச் சுருளாக அடுக்கினால் பானை வரும். தனித்தனித் துண்டுகளை ஒட்ட, சேரும் இரு பக்கங்களையும் ஈர்க்கினால் கீறி, நீர் கலந்த மண் குழம்பைத் தடவி அழுத்த வேண்டும். வெறுமனே ஒட்டினால் காய்ந்ததும் கழன்றுவிடும்.

சீப்பாலும் வேப்பிலையாலும் கோலம் பதிப்பது குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த, புதுச்சேரிக்கு அருகிலுள்ள பண்டைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த தட்டுகளின் உட்புறத்தில் வட்ட வட்டமாக ஓடும் நுண்ணிய கோலங்களும் மண் முற்றும் காய்வதற்கு முன் பதிக்கப்பட்டவையே. அரிக்கமேட்டுப் பொருட்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பதித்துப் பழகிய குழந்தையை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

படி 5: எழுத்தும் கணக்கும்

திரிகளை வளைத்து எழுத்து அமைக்கும்போது ட, ப, ம என்று தொடங்குங்கள். அ, இ போன்ற சுழி எழுத்துகள் பிறகு வரட்டும். அமைத்த எழுத்தின் மேல் விரலை ஓட்டச் சொன்னால் அதன் போக்கு கையில் பதியும்.

ஒரே அளவுள்ள இரண்டு உருண்டைகளைக் காட்டி, ஒன்றைப் பாம்புபோல் நீளமாக உருட்டி, எதில் மண் அதிகம் என்று கேளுங்கள். "டீச்சர், பாம்புலதான் நெறைய!" என்று வகுப்பே கத்தும். ஜீன் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் இதைச் செய்து பார்த்து, ஏறத்தாழ ஏழு வயதுக்கு முன் பெரும்பாலான குழந்தைகள் வடிவத்தைக் கொண்டே அளவை முடிவுசெய்கிறார்கள் என்று விளக்கினார். ஆகவே உடனே திருத்த வேண்டாம். பாம்பை மீண்டும் உருண்டையாக்கச் சொல்லுங்கள், குழந்தையே யோசிக்கட்டும்.

படி 6: காயவைத்தல்

ஒரு சித்திரை மாதம் வகுப்பின் யானைகளையெல்லாம் மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். மாலையில் காதுகளும் தும்பிக்கைகளும் உதிர்ந்து கிடந்தன, சிலர் அழுதேவிட்டார்கள். மெல்லிய பகுதி விரைவில் காய்ந்து சுருங்க, தடித்த உடல் ஈரமாகவே இருப்பதால்தான் இப்படி வெடிக்கிறது. மெல்லிய துணி போர்த்தி நிழலில் சில நாட்கள் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூடுதல் நாட்கள் ஆகும்.

வேலை முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த களிமண் தூசியில் நுரையீரலுக்குக் கேடான சிலிக்கா இருப்பதால் பெருக்கக் கூடாது. மண் கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

சூளையில் சுடாத மண்ணை வாளி நீரில் ஊறவைத்தால் கரைந்து மீண்டும் பிசையத்தக்கதாகிவிடும். ஆனால் எந்தப் பொருளை வாளியில் போடலாம், எதை அலமாரியில் வைக்க வேண்டும் என்பதைச் செய்த குழந்தையிடம் கேட்ட பின்னரே ஊறப்போடுங்கள்.