பழைய பவர் கண்டிஷனர் உங்கள் ஆடியோ அமைப்புக்கு இன்னும் பயன்படுமா? நீங்களே சோதித்து அறியும் முறை

சுவர் சாக்கெட்டுக்கும் ஆடியோ கருவிகளுக்கும் நடுவே வைத்து, வரும் மின்சாரத்தைத் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லப்படும் பெட்டிதான் பவர் கண்டிஷனர். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பெரும் விலைக்கு விற்ற இந்தப் பெட்டிகள் இப்போது பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கலாமா, ஏற்கெனவே வீட்டில் இருப்பதைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று புதிதாக ஆடியோ அமைப்பை உருவாக்குபவர்கள் பலரும் கேட்கிறார்கள். உங்கள் வீட்டு மின்சாரத்தில் என்ன குறை இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள வீடுகளை மனத்தில் கொண்டு இந்த விளக்கம் எழுதப்பட்டுள்ளது.

முதல் படி: பெட்டி எந்த வகை என்று பாருங்கள்

பவர் கண்டிஷனர் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வேலை செய்யும் கருவிகள் விற்கப்பட்டன. மிகுதியாகக் கிடைப்பது ஃபில்டர் வகை. அதனுள் சில காயில்கள், கெபாசிட்டர்கள், திடீர் மின்எழுச்சியைத் தடுக்கும் வேரிஸ்டர்கள் ஆகியவை மட்டுமே இருக்கும். இந்த வகை வோல்டேஜைச் சீராக்காது. சுவரிலிருந்து 180 வோல்ட் வந்தால் 180 வோல்ட்டையே அப்படியே வெளியே அனுப்பும். முன்பக்கத்தில் வோல்டேஜ் காட்டும் திரை இருப்பதால் அது ஸ்டெபிலைசர் வேலையும் செய்கிறது என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம்.

தூக்கிப் பார்த்தால் இரும்புக் குண்டுபோல் கனக்கும் பெட்டிக்குள், உள்வரும் மின்சாரத்தையும் வெளியேறுவதையும் நேரடி இணைப்பில்லாமல் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ, 1938-இல் ஜோசப் சோலா கண்டுபிடித்த வகையைச் சேர்ந்த நிலை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரோ இருக்கக்கூடும். பின்னது வோல்டேஜை நன்றாகவே சீராக்கும். ஆனால் சூடாகும், கேட்கும்படி உறுமும், கேட்கும் அறைக்குள் வைக்கத் தகாது. வந்த மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றி, புதிய சைன் அலையை உண்டாக்கித் தரும் ரீஜெனரேட்டர்கள் மற்றொரு வகை. இவை உண்மையில் 50 ஹெர்ட்ஸை மட்டும் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்களே என்பதால், பழைய ஆம்ப்ளிஃபையருக்கு வரும் எல்லா முதுமை நோய்களும் இவற்றுக்கும் வரும்.

இரண்டாம் படி: பின்புறத் தகட்டைப் படியுங்கள்

தகட்டில் 120 வோல்ட் என்று இருந்தால் அதைச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகவே கூடாது. அமெரிக்கச் சந்தைக்கான அந்தப் பெட்டிகளில் ஏறத்தாழ 130 அல்லது 150 வோல்ட்டுக்கான வேரிஸ்டர்கள் இருக்கும். 230 வோல்ட் பட்டவுடன் அவை மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிக் கருகிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளிக்கலாம் என்றால், கிடைக்கும் 120 வோல்ட்டில், 230 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்ட நம் ஊர்க் கருவிகள் சரியாக இயங்கா. ஆகவே அதை விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாம் படி: முதுமையைச் சோதியுங்கள்

பிளக்கைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். மின்வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்காமல் ஓர் எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது நலம், ஏனெனில் கெபாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது வேரிஸ்டர்களை. இவை பொத்தான் அளவிலான, பெரும்பாலும் நீல நிற வட்டுகள். ஒவ்வொரு பெரிய மின்எழுச்சியையும் தாங்கும்போது இவை சிறிது சிறிதாகத் தேய்கின்றன; தேயத் தேய, சாதாரண வோல்டேஜிலேயே கசியத் தொடங்கிச் சூடாகின்றன. வட்டில் வெடிப்போ, கருமையோ, கருகிய வாசனையோ இருந்தால் பெட்டியின் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எத்தனை எழுச்சிகளைத் தாங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. முன்பக்கத்து ‘பாதுகாப்பு உள்ளது’ விளக்கு, வேரிஸ்டர் துண்டிக்கப்படவில்லை என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. அது எந்த அளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் காட்டாது. இதற்கு மாறாக, காயில்கள் எளிதில் கெடுவதில்லை. பழைய காகித வகைக் கெபாசிட்டர்கள் மேலுறை கீறி ஈரம் புகுந்து புகைவதுண்டு. அவற்றை மாற்ற அதிகம் செலவாகாது. கடைசியாக ஒவ்வொரு சாக்கெட்டிலும் பிளக்கைச் செருகி அசைத்துப் பாருங்கள். தளர்ந்த சாக்கெட்டில் எழும் சிறு பொறியே எந்த ஃபில்டரும் நீக்க முடியாத இரைச்சலை உண்டாக்கும்.

நான்காம் படி: எர்த் இருக்கிறதா?

பலரும் தாண்டிச் செல்லும் இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஃபில்டர் வகைப் பெட்டிகளில் ஃபேஸிலிருந்து எர்த்துக்கும் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கும் சிறு கெபாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். சுவர் சாக்கெட்டின் எர்த் முனை எங்கும் இணைக்கப்படாமல் இருந்தால், இந்த இரண்டு கெபாசிட்டர்களும் வோல்டேஜைப் பாதியாகப் பிரித்துப் பெட்டியின் உலோக உடலுக்குக் கொடுத்துவிடும். அப்போது உடலில் சுமார் 115 வோல்ட் மிதக்கும். ஆம்ப்ளிஃபையரின் விளிம்பைப் புறங்கையால் உரசும்போது சுருக்கென்று ஓர் அதிர்வு தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கண்டிஷனரை நடுவில் வைத்த பிறகு இரைச்சல் கூடிவிட்டது என்று புலம்புபவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

மல்டிமீட்டரை ஏ.சி. 750 வோல்ட் அளவில் வைத்து மூன்று அளவுகளை எடுங்கள். ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த் ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரல்–எர்த் சில வோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். ஃபேஸ்–எர்த் மிகக் குறைவாகவோ நிலையில்லாமலோ இருந்தால் முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள். இந்தச் செலவு எந்தக் கண்டிஷனரையும்விட அதிகப் பலன் தரும். ஹம் என்ற தாழ்ந்த தொடர் முனகல் ஒழிய எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

ஐந்தாம் படி: எந்தச் சத்தம் கேட்கிறது?

பாட்டில்லாமல் வழக்கமான ஒலியளவில் வைத்துக் கேளுங்கள். தாழ்ந்த ஹம் கேட்டால், ஆம்ப்ளிஃபையரை அணைத்து, அதற்கு வரும் சிக்னல் கேபிள்களைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையரை மட்டும் மீண்டும் இயக்குங்கள். ஹம் மறைந்தால் அது பெரும்பாலும் கருவிகளுக்கு இடையிலான எர்த் சுழற்சியால் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் எர்த்தோடு இணைந்து உண்டாகும் வளையத்தில் மின்சாரம் ஓடுவதால்) வருவது, கேபிள் டி.வி. கம்பியும் கணினியும் இதற்கு வழக்கமான காரணிகள். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சாக்கெட்டிலிருந்து மின்சாரம் தருவதும், சிக்னல் வழியில் ஐசொலேட்டர் வைப்பதும் இதற்குத் தீர்வு. கண்டிஷனர் இதைப் பொதுவாகத் தீர்க்காது. ஸ்பீக்கரில் இல்லாமல் ஆம்ப்ளிஃபையரின் பெட்டியே உறுமினால், மின்கம்பியில் கலந்துள்ள சிறு நேர்மின்னழுத்தம் டிரான்ஸ்ஃபார்மரைத் தொந்தரவு செய்கிறதா என்று ஐயப்படலாம். சாதாரண ஃபில்டர் அதையும் நீக்காது, அதற்கென டி.சி. பிளாக்கர் வேண்டும். ஸ்ஸ் என்ற சீறல் கருவியின் சொந்தச் சத்தம்.

ஃபிரிட்ஜ் அணையும்போது டப்பென்று கேட்கும் சத்தம், ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது எழும் கரகரப்பு ஆகியவற்றில்தான் ஃபில்டர் வகைக் கண்டிஷனர் இன்றும் தன் வேலையைச் செய்கிறது. சதுர அலை இன்வெர்டரால் வரும் உறுமலுக்கு இது மருந்தாகாது; கூர்மையான அந்த அலையில் ஃபில்டரின் கெபாசிட்டர்கள் சூடேறவே செய்யும்.

ஆறாம் படி: உங்கள் கருவிகள் எப்படி மின்சாரத்தை எடுக்கின்றன?

இணையத்திலிருந்து பாட்டை எடுக்கும் ஸ்ட்ரீமர்கள், டிஜிட்டல் சிக்னலை ஒலிச் சிக்னலாக மாற்றும் டி.ஏ.சி.கள் ஆகியவற்றில் பலவும், பெரும்பாலான கிளாஸ் டி (வேகமாக ஆன்-ஆஃப் செய்து பெருக்கும்) ஆம்ப்ளிஃபையர்களும் ஸ்விட்ச் மோடு பவர் சப்ளையில் இயங்குகின்றன; அதாவது மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்தே தேவையான வோல்டேஜைப் பெறுகின்றன. 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிடப்பட்டுள்ள கருவியில் சொந்த ஃபில்டரும் சீராக்கியும் இருப்பதால், கண்டிஷனர் கூடுதலாகச் செய்வதற்கு அதிகம் இல்லை. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட, கிளாஸ் ஏபி என்ற வழக்கமான வகை ஆம்ப்ளிஃபையரின் நிலை வேறு. அது நொடிக்கு 100 முறை, அலையின் உச்சியில் மட்டும், குறுகிய துடிப்புகளாகக் கரண்டை இழுக்கிறது. மெல்லிய காயில்களும் சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் அந்த உச்சியைத் தாழ்த்திவிடும். சாதாரண மல்டிமீட்டரில் இது தெரியாது. ஒலியை உயர்த்தும்போது தாளத்தின் அழுத்தம் தளர்வதில் சில வேளை தெரியும்.

ஏழாம் படி: கேட்டு ஒப்பிடுங்கள்

வீட்டில் ஒருவரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் பிளக்கை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒலியளவைத் தொடாமல், நன்கு பழகிய ஒரே பாடலைக் கேட்டு, ஒவ்வொரு முறையும் எது என்று எழுதி வையுங்கள். உங்கள் ஊகங்கள் பூவா தலையா போட்டதைவிட மேலாக இல்லையென்றால், உங்கள் வீட்டில் அந்தப் பெட்டி ஒலியை மாற்றவில்லை. பெரும்பாலான புதிய அமைப்புகளில் இந்த முடிவே வரும் என்பது என் கணிப்பு.

வித்தியாசம் தெரிந்து, மூன்றாம் நான்காம் படிகளிலும் பெட்டி தேறினால், ஃபோனோ ப்ரீஆம்ப் (இசைத்தட்டு இயக்கியின் சிறு சிக்னலைப் பெருக்குவது), டி.ஏ.சி. போன்ற சிறு கருவிகளை அதில் இணைத்து, பெரிய ஆம்ப்ளிஃபையரைச் சுவரின் 16 ஆம்பியர் சாக்கெட்டிலேயே செருகுங்கள். வோல்டேஜ் நாள்தோறும் ஏறி இறங்கும் வீட்டுக்குச் செர்வோ ஸ்டெபிலைசர்தான் (மோட்டார் மூலம் வோல்டேஜைச் சீராக்குவது) தேவை. மின்எழுச்சிப் பாதுகாப்புக்குப் பழைய வேரிஸ்டர்களை நம்பாமல், வீட்டின் டி.பி. பெட்டியில் (மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) டைப் 2 எஸ்.பி.டி. என்ற மின்எழுச்சித் தடுப்பான் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். இடி இடிக்கத் தொடங்கும் முன்பே பிளக்கையும் டி.வி. கேபிளையும் கழற்றி வையுங்கள்.