டர்ஃப் காயவைக்கும்போது செய்யக்கூடாதவை

வரட்டி தட்டிப் பழகிய பாட்டி ஒருத்தியை அயர்லாந்தின் மேற்குச் சதுப்பில் கொண்டுபோய் விட்டால், அடுப்பெரிக்கச் சதுப்பு மண்ணைக் கட்டியாக வெட்டிக் காயவைக்கும் டர்ஃப் வேலையை அரை நாளில் பிடித்துக்கொள்வாள். ஒன்றுதான் அவளுக்குப் புதிது: அங்கே வெயிலை நம்ப முடியாது, காயவைப்பது காற்று. அங்கு நடக்கும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

பாசியும் புல்லும் நீரில் மூழ்கி, முழுக்க மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்த கரிமண்தான் டர்ஃப். வெட்டும்போது அதில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். பனி விலகுமுன் வெட்டினால் அந்தத் தண்ணீர் இரவில் உறைந்து விரியும். கட்டி காய்ந்ததும் பொலபொலவென்று உதிரும். ஜூலை வரை தள்ளிப்போட்டால் இலையுதிர்கால மழைக்குள் காயாது. ஏப்ரல் கடைசியும் மே மாதமும் தோதான காலம்.

மேலே இருக்கும் புல்தோலையும் சேர்த்து வெட்டுவது இன்னொரு தவறு. வேர் நிறைந்த கட்டி உறுதியாக நிற்காது. அந்தத் தோலைத் தனியே சீவியெடுத்து, வெட்டிய பள்ளத்தில் புல் மேலே பார்க்கப் பரப்ப வேண்டும். ஓரமாக வீசிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. சதுப்பு ஓர் ஆண்டில் வளர்வதே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், அதையாவது நினைக்கலாம்.

இடுப்பை ஒடிக்கும் வேலை அடுத்து வருவது. தரையில் பரப்பிய கட்டிகளை, மேல்தோல் இறுகியதும், நாலைந்தாகச் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்று சாய நிறுத்தி, தலையில் ஒன்றைப் படுக்கவைப்பார்கள். அவசரப்பட்டால் கையிலேயே முறியும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்குங்கள். வளைந்தால் இன்னும் சில நாள் விடுங்கள். ரொம்ப நாள் விட்டாலும் வம்பு: அடிப்பக்கம் ஈரம் மாறாமல் கிடக்கும், புல் முளைத்துக் கட்டியைத் தரையோடு பிணைக்கும். நிறுத்தும்போது நெருக்கியடிக்காதீர்கள். நடுவில் காற்று நுழையாவிட்டால் நிறுத்தியதே வீண்.

மழைக்குப் பயந்து அரைகுறையாகக் காய்ந்ததைத் தார்ப்பாயால் இறுக மூடுகிறார்கள். உள்ளே வேர்த்து, ஈரம் அப்படியே தங்கும். நன்றாகக் காய்ந்த கட்டியோ ஒரு தூறலுக்கெல்லாம் பழையபடி சேறாகாது. குவியல் போடும்போது வெளிவரிசைக் கட்டிகளை வெளிப்பக்கம் சரிவாக அடுக்கினால், மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும்.

ஈரக் கட்டியை அடுப்பில் வைத்தால் அறை முழுக்கப் புகை, புகைபோக்கியில் பிசுபிசுவென்று தார். இரண்டு கட்டிகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். டொக்கென்று கேட்டால் அடுப்புக்கு. சொத்தென்று கேட்டால் குவியலுக்கே திரும்பட்டும்.