புது கார்ல இன்ஜின் சத்தமா? வாரண்டில சரி பண்ண வைக்க நான் பண்ணின வழி

வண்டி எடுத்து நாலாவது மாசம், ஓடினது 3,100 கிலோமீட்டர் தான். காலைல முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது முன்பக்கம் இருந்து கரகரகரன்னு ஒரு சத்தம், தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டுன மாதிரி, ஒரு மூணு செகண்ட் வரும், அப்படியே நின்னுடும். அப்புறம் நாள் பூரா ஓட்டுனாலும் வராது. இதை வாரண்டில சரி பண்ண வைக்க ரெண்டரை மாசம் ஆச்சு, நாலு தடவை சர்வீஸ் சென்டர் ஏறி இறங்கினேன். ஆரம்பத்துலயே சரியா கேட்டிருந்தா ரெண்டு தடவைல முடிஞ்சிருக்கும், அதனால தான் உக்காந்து எழுதுறேன். கம்பெனி பேர் சொல்லல, எந்த வண்டியா இருந்தாலும் வழி இது தான்.

1. எங்க வருதுன்னு தேடாதீங்க, எப்ப வருதுன்னு பாருங்க

ஒரு வாரம் குறிச்சு வைங்க. வண்டி எத்தனை மணி நேரம் நின்னுச்சு, இன்ஜின் ஆறியிருந்துச்சா சூடா இருந்துச்சா, ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) எவ்வளவு, ஏசி ஓடுச்சா, எந்த கியர். பாதி விஷயம் இதுலயே பிடிபட்டுடும்.

ஏசி போட்டா மட்டும் வந்தா கம்ப்ரசர் இல்ல பெல்ட் பக்கம் பாக்கணும். மேடு ஏறும்போது பெரிய கியர்ல மிதிச்சா கிணிகிணின்னு வந்தா அது நாக்கிங் (எரிபொருள் சரியா எரியாம இன்ஜினுக்குள்ள தட்டுறது), கியரைக் குறைச்சு பாருங்க. வண்டியை நிறுத்தினப்புறம் டிங் டிங்னு வந்தா சைலன்சர் சூடு ஆறி சுருங்குற சத்தம், அதுக்கு பயப்படவே வேண்டாம். ஐடில்ல (ஆக்சிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடும்போது) மெல்லிசா டிக் டிக்னு வர்றது பெரும்பாலும் எரிபொருளைப் பீச்சுற இன்ஜெக்டரோ, பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடுற பர்ஜ் வால்வோ தான், அதுலயும் டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டின்னா கொஞ்சம் அதிகமாவே கேக்கும்.

காலைல மட்டும் வந்து அடங்குற கரகர தான் என்னோட கேஸ். கிராங்க்ல இருந்து வால்வைத் திறக்குற கேம் ஷாஃப்ட்டை சுத்த வைக்கிறது டைமிங் செயின். அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் பல வண்டில ஆயில் பிரஷர்ல தான் வேலை செய்யுது. ராத்திரி பூரா நின்னா ஆயில் கீழ வடிஞ்சிடும், ஸ்டார்ட் பண்ணி பிரஷர் ஏறுற வரைக்கும் செயின் தளர்ந்து ஆடும். ஒரு செகண்ட்ல அடங்கிட்டா நிறைய வண்டில சகஜம். தினமும் மூணு நாலு செகண்ட் வந்தா விடாதீங்க.

ஒண்ணே ஒண்ணுல மட்டும் ஓட்டி பாக்கவே கூடாது: இன்ஜின் அடியில இருந்து டொக் டொக்னு கனமா தட்டி, மிதிக்க மிதிக்க வேகம் கூடினா, இல்ல ஆயில் லைட் எரிஞ்சா, அந்த இடத்துலயே ஆஃப் பண்ணிட்டு டோ பண்ண சொல்லுங்க.

2. ஆயில் அளவு பாத்து போட்டோ எடுத்துக்கோங்க

சமதளத்துல, இன்ஜின் ஆறினப்புறம், டிப்ஸ்டிக். ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். பின்னாடி யாரும் "ஆயில் குறைவா ஓட்டிட்டீங்க"ன்னு சொல்லிடக்கூடாது. குறைஞ்சிருந்தா அவங்ககிட்டயே காட்டுங்க, நீங்களா எதையும் ஊத்தாதீங்க. சத்தம் குறையும்னு கடையில விக்கிற ஆயில் அடிட்டிவ் வேண்டவே வேண்டாம். வெளி மெக்கானிக்கும் எதையும் கழட்டக்கூடாது, காதால கேக்கலாம், அவ்வளவு தான்.

கேக்குறதுக்கு எனக்கு பிடிச்ச டூல் நீள ஸ்க்ரூ டிரைவர் தான். எங்க அப்பா கோயம்புத்தூர்ல பம்ப் மோட்டார் வேலை பாத்தவரு, பேரிங் போச்சான்னு பாக்க முனையை மோட்டார் மேல வச்சு கைப்பிடியை காதுல வச்சு கண்ணை மூடிக்குவாரு. அதே முறை தான். டைமிங் கவர் மேல ஒரு தடவை, வால்வு கவர் மேல ஒரு தடவை, ஆல்டர்னேட்டர் மேல ஒரு தடவை வச்சு பாருங்க, எங்க பலமா கேக்குதோ அங்க தான். பெல்ட்டுக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்கும் கையும் துண்டும் தள்ளியே இருக்கட்டும், ஃபேன் சொல்லாம சுத்த ஆரம்பிக்கும்.

3. வீடியோ

வெட்டாம ஒரே டேக். முதல்ல மீட்டர்ல கிலோமீட்டரும் மணியும் காட்டுங்க, அப்புறம் பானட் திறந்து போனை ஃபெண்டர் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு வீட்டுல ஒருத்தரை ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க. ஏசி, பாட்டு, ஃபேன் எல்லாம் ஆஃப். மூணு நாள் மூணு வீடியோ போதும். வாட்ஸ்அப்ல சும்மா வீடியோவா அனுப்புனா சத்தமும் சேர்ந்து நசுங்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க.

நேரம் இருக்கறவங்க அந்த ஆடியோவை ஆடாசிட்டில போட்டு பாருங்க, இலவசம் தான். கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா கேம் ஷாஃப்ட் ஒரு சுத்து. அதனால 800 ஆர்பிஎம் ஐடில்ல, கேம் ஷாஃப்ட் வால்வைத் தள்ளுற டப்பெட் ஒண்ணு மட்டும் தட்டுனா செகண்டுக்கு ஆறு ஏழு தட்டு தெரியும், கிராங்க் சுத்துக்கு ஒரு தட்டுன்னா பதிமூணு வரும். எதுவும் நிரூபணம் இல்ல, ஆனா பேசும்போது நமக்கு ஒரு தெளிவு இருக்கும்.

4. ஜாப் கார்டு (வண்டி விடும்போது நம்ம புகாரை சர்வீஸ் சென்டர்ல எழுதுற பேப்பர்). இங்க தான் நான் கோட்டை விட்டேன்

முதல் ரெண்டு தடவையும் சர்வீஸ் அட்வைசர்கிட்ட வாயால சொன்னேன், அவரும் நல்லா தலையாட்டி கேட்டாரு, சாயங்காலம் "செக் பண்ணியாச்சு சார், நார்மல் தான்"னு சாவி குடுத்தாரு. வீட்டுக்கு வந்து பேப்பரை பாத்தா கம்ப்ளெயின்ட் இடத்துல "ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்"னு இருக்கு. அதாவது கம்பெனி ரெக்கார்டுல என் வண்டிக்கு சத்தம்னு ஒரு புகாரே இல்ல!

அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி படிங்க. நீங்க சொன்ன வார்த்தை அப்படியே இருக்கணும்: "எட்டு மணி நேரம் நின்ன பிறகு முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் முன்பக்கம் 3 செகண்ட் கரகர சத்தம், வீடியோ கொடுக்கப்பட்டது." இங்கிலீஷ்ல டைப் பண்ணாலும் இந்த விவரம் எல்லாம் வரணும். வரலைன்னா சாவியை குடுக்காம பொறுமையா திருத்த சொல்லுங்க, சண்டை வேண்டாம். வண்டி எடுக்கும்போதும் என்ன பாத்தாங்க, என்ன கண்டுபிடிச்சாங்கன்னு எழுதி வாங்குங்க. நார்மல்னா நார்மல்னே எழுதி தரட்டும், அதுவும் நமக்கு வேணும்.

5. ராத்திரி விட்டுட்டு வாங்க

ஆறின இன்ஜின்ல வர்ற சத்தத்தை, இருபது கிலோமீட்டர் ஓட்டிட்டு போய் சூடா காட்டுனா எப்படி வரும்? மூணாவது தடவை சாயங்காலம் அஞ்சு மணிக்கு விட்டுட்டு, "நான் வர்ற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது"ன்னு ஜாப் கார்டுலயே எழுத வச்சேன், கிலோமீட்டரை போட்டோ எடுத்துக்கிட்டேன். மறுநாள் காலைல ஏழரைக்கு போனா யார்டுல வண்டி பனி படிஞ்சு அப்படியே நிக்குது. சூப்பர்வைசர் பானட் திறந்து டைமிங் கவர் பக்கம் குனிஞ்சாரு, நான் சாவி திருப்பினேன். கரகரகர. அவரு நிமிர்ந்து பாத்துட்டு, ஆஃப் பண்ண சொல்லிட்டு, எதுவும் பேசாம உள்ள போய் ஒர்க்ஸ் மேனேஜரை கூட்டிட்டு வந்தாரு. அன்னைக்கே டென்ஷனருக்கு வாரண்டி கிளெய்ம் போட்டாங்க. பார்ட் வர பதினோரு நாள். நாலாவது தடவை போய் மாத்திட்டு வந்தேன், இப்ப ஏழு மாசம் ஆச்சு, காலைல சத்தமே இல்ல.

மாத்தின பார்ட் பேர் ஜாப் கார்டுல இருக்கான்னு பாத்து பத்திரமா வைங்க.

6. அப்பவும் நடக்கலைன்னா

கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்க, போன் மட்டும் பத்தாது. ஜாப் கார்டு எல்லாம் இணைச்சு, ஏரியா சர்வீஸ் மேனேஜர் நேர்ல வந்து பாக்கணும்னு கேளுங்க. அப்புறம் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, கட்டணம் இல்ல. அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் கமிஷன். வண்டிக்கு குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும்னா அங்கேயே போடலாம், 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரை உள்ள வண்டிக்கு கட்டணம் 200 ரூபா, 20 லட்சம் வரைக்கும் 400 ரூபா. பிரச்சனை வந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். வக்கீல் இல்லாம நாமளே வாதாடலாம். ஆனா அங்க கேக்குற முதல் பேப்பர் அந்த ஜாப் கார்டு தான்.

அப்டேட் 1: பிஎஸ்6 டீசல் வச்சிருக்க ஒருத்தர் ஓட்டி முடிச்சு நிறுத்தும்போது ஐடில் ஏறி, ஃபேன் பலமா ஓடி, சத்தமே மாறுதுன்னு எழுதியிருந்தாரு, அதுவும் தினமும் இல்லையாம், எப்பவாவது. அது டிபிஎஃப் (டீசல் புகையில வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) தன்னைத்தானே சுத்தம் பண்ற நேரமா இருக்கலாம். நடுவுல ஆஃப் பண்ணாம முடிய விட்டு பாருங்க.

அப்டேட் 2: வாரண்டி முடிய பத்து நாள் தான் இருக்கு, பார்ட் வர ஒரு மாசம் ஆகும்னு சொல்றாங்கன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. அக்கா, பார்ட் வர்ற தேதி முக்கியமில்ல, புகார் பதிவான தேதி வாரண்டிக்குள்ள இருக்கணும். நாளைக்கே போய் ஜாப் கார்டு திறந்துடுங்க, அதை போட்டோ எடுத்து கம்பெனிக்கு மெயிலும் அன்னைக்கே அனுப்பிடுங்க.